வெட்டும் முன் ஓட்டிப் பாருங்கள்: அரிய பழைய காரை மாற்றுவதா, அப்படியே காப்பதா?

பெங்களூரில் ஒரு பழைய கார் கைக்கு வந்துவிட்டால், முதல் வாரத்திலேயே நான்கு பேர் நான்கு யோசனை சொல்வார்கள். "ஏ.சி. வச்சுடுங்க." "மாருதி எஞ்சின் போட்டா ஜம்முனு ஓடும்." "அலாய் வீல் போட்டா கெத்தா இருக்கும்." நான்காவது ஆள், "ஒரு ஸ்க்ரூகூட மாத்தாதீங்க சார், பாவம்" என்பார். நால்வருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வண்டியை அதன் சரியான நிலையில் அவர்களும் ஓட்டிப் பார்த்ததில்லை, நீங்களும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதற்குள் முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1969-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஷெட்டில் பதினோரு வருடம் நின்றிருந்தது. வீட்டுக்காரர் காலமான பிறகு அந்த அம்மா விற்க முடிவு செய்தார். "வேற யாருக்கும் சாவி குடுக்க மாட்டாரு தம்பி. நீங்க பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

இந்த ஹெரால்டு நம் மதராஸ் வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதை வண்டலூர் பக்கத்து ஆலையில் செய்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டை இங்கிலாந்தில் செய்யவே இல்லை, இந்தியாவில் மட்டும்தான் செய்தார்கள். இது எனக்கு வாங்கும்போது தெரியாது. தெரியாமல் நான் செய்த ஒரு காரியத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம்: உயிர் காக்கும் வேலை மட்டும்

வண்டி வந்த அன்றே கேமராவை எடுங்கள். வெளிப்புறம், உட்புறம், பானட்டுக்குள், டிக்கிக்குள், டாஷ்போர்டின் அடியில், கதவின் உட்பலகையைக் கழற்றினால் அதன் பின்புறம், அடியில் சேஸிஸ் என எல்லாவற்றையும் படம் எடுங்கள். வயர் எந்த நிறம், எங்கே போகிறது, எந்தத் தலை போல்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இன்று அற்பமாகத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அந்தப் படங்கள்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது பாதுகாப்பு வேலை மட்டும். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட், புது பிரேக் ஆயில். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். அந்த எண்ணே இல்லையென்றால் டயர் 2000-க்கு முந்தியது, பட்டன் நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். பேட்டரி ஒயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். பழைய ஒயரிங்கில் தீப்பிடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அறுபதுகளில் செய்த ரப்பர் ஹோஸ், ஃப்யூயல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவை இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, இளகி, கசியும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் இப்போது கிடைக்கின்றன, அவற்றை முதல் வேலையாக மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் துரு ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

பெயின்ட், குஷன், குரோம், ஒலிபெருக்கி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

உங்கள் வண்டி உண்மையில் எது?

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண் வேறாக இருந்தால் முன்பே யாரோ எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமல்ல, அந்தக் காலத்தில் சாதாரணம். ஆனால் காகிதத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

பிறகு பெயின்ட். கதவின் உட்புற ஓரம், டிக்கியின் ரப்பர் பாய்க்குக் கீழே, டாஷ்போர்டின் பின்புறம் ஆகிய இடங்களில்தான் கம்பெனி அடித்த நிறம் தப்பித்திருக்கும். வெளியே கண்ணில் படாத ஒரு மூலையில், நாலணா அளவுக்கு நயமான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு பூச்சும் வட்டமாகத் தெரியும். என் வண்டி வெள்ளையாக வந்தது. தேய்த்தபோது வெள்ளைக்குக் கீழே ஒரு மெரூன், அதற்கும் கீழே வெளிர் நீலம். அந்த நீலம்தான் அது ஆலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த நிறம்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடம்பு முழுக்க வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் பிடிக்கவில்லையோ அங்கெல்லாம் தகட்டுக்குப் பதில் பட்டி பூசி நிரப்பியிருக்கிறார்கள். சென்னையிலிருந்தோ மங்களூரிலிருந்தோ வந்த வண்டியானால் கடல்காற்றின் துருவை எதிர்பாருங்கள். கதவின் அடிப்பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம், கால் வைக்கும் தரை எல்லாவற்றையும் பாருங்கள். பெங்களூரிலேயே வாழ்ந்த வண்டிகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவை.

இனி என் தவறு. வாங்கிய இரண்டாவது மாதமே, வெள்ளை மங்கிவிட்டது என்று ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். வெளியே மட்டும் பெயின்ட் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது டிக்கியின் உட்புறம்வரை தேய்த்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். டிக்கி மூடியின் உள்ளே முதல் விற்பனையாளர் ஒட்டிய சிறிய மதராஸ் முகவரி ஒட்டுத்தாள் இருந்தது, அது போயிற்று. பழைய கதவு ரப்பர்களும் ஒரு ஜோடி ஹார்னும் குப்பையில் போயிருந்தன. புது ரப்பர் வாங்கிவிட்டேன். அந்த ஒட்டுத்தாளை இனி யாராலும் தர முடியாது. அந்தப் பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை, வண்டியை அழகாக்கித் தர வேண்டும் என்றுதான் செய்தார். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

'அரிய வண்டி' என்று எப்படிச் சொல்வது?

பழையது எல்லாம் அரியது அல்ல. அம்பாசடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. எண்பதுகளின் மார்க் 4 அம்பாசடர் இன்றும் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். ஆனால் முதல் மாடலோ, அதற்கும் முந்திய லேண்ட்மாஸ்டரோ, மோரிஸ் மைனரை இங்கே 'பேபி ஹிந்துஸ்தான்' என்று விற்றார்களே அதுவோ கைக்கு வந்தால், கத்தரியைத் தூர வைத்துவிடுங்கள். மும்பை குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி நிறைய இருக்கிறது. அதே ஆலையில் 1954-ல் வந்த, முன்கதவு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும் ஃபியட் 1100, மும்பைக்காரர்கள் 'டுக்கர்' என்று செல்லமாகச் சொல்லும் வண்டி, கொஞ்சம்தான் மிச்சம். ஹெரால்டுக்குப் பின் 1972-ல் ஸ்டாண்டர்ட் வெளியிட்ட கெசல் அதைவிடக் குறைவு.

எண்ணிக்கை ஒரு கணக்கு. இரண்டாவது கணக்கு, உங்கள் வண்டியில் அசல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. சாதாரண பத்மினிதான், ஆனால் முதல் பெயின்ட், முதல் குஷன், முதல் கண்ணாடி, முதல் ரசீது எல்லாம் அப்படியே இருக்கிறது என்றால், அது பத்து முறை பெயின்ட் அடித்த அரிய மாடலைவிட எனக்குப் பெரிது. புதுப்பித்த வண்டி பத்து வைத்திருப்பவர்கூட, தொடாத வண்டி ஒன்றைக் கண்டால் நின்று பார்ப்பார். தையல் எப்படிப் போட்டார்கள், பூச்சு எவ்வளவு கனம், எந்த இடத்தில் அவசரமாக வேலை முடித்தார்கள் என்பதற்கெல்லாம் அந்த வண்டிதான் சாட்சி.

மூன்றாவது, வண்டியின் வாழ்க்கை. பழைய மைசூர் மாநிலத்து 'எம்.ஒய்.' எண்ணோ, மதராஸ் மாநிலத்து 'எம்.எஸ்.' எண்ணோ இருந்தால் அதை இழக்காதீர்கள்.

உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபீவா 1966-ல் தொடங்கப்பட்டது. அது ஒரு வண்டியை வரலாற்று வண்டி என்று சொல்ல, குறைந்தது 30 ஆண்டு வயதும், வரலாற்றுக்குச் சரியான நிலையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமையும் வேண்டும் என்கிறது. அவர்களுடைய டூரின் சாசனம் சொல்லும் ஒன்று எனக்குப் பிடித்தது: வண்டி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாறுதான். எழுபதுகளில் பெட்ரோல் செலவு தாங்காமல் எத்தனையோ அமெரிக்கக் கார்களில் டீசல் எஞ்சின் ஏறியது. அப்படி ஒரு டாட்ஜ் உங்களுக்கு வந்தால், அந்த டீசல் எஞ்சினைப் பிடுங்கி எறிவதற்கு முன் யோசியுங்கள். டாக்சியாக ஓடிக் குடும்பம் காத்த கதை அது.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் பயணா அருங்காட்சியகத்துக்கும், ஊருக்குப் போகும் வழியில் கோயம்புத்தூர் ஜீடீ கார் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். உங்கள் மாடல் அங்கே இல்லாவிட்டாலும் அதே காலத்து வண்டிகளின் உட்புறத்தைப் பார்த்தால் கண் பழகும். கர்நாடக விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப்பின் அணிவகுப்பு நடக்கும்போது போய் நின்றால், பெரியவர்கள் கேட்காமலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

சட்டம்: இதைப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ.வின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், அசல் வடிவில் இருந்து, சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருந்தால், விண்டேஜ் பதிவு பெறலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம்.

ஆக, இன்று மாருதி எஞ்சின் ஏற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. 1977-ல் பதிவான ஒரு கெசலுக்கு 2027-ல்தான் 50 நிறைகிறது. இடையில் ஆசைப்பட்டு வெட்டிவிட்டால் அந்தத் தகுதி வரவே வராது.

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டத்தான் வாங்கினேன் என்றால் சாதாரணப் பதிவே போதும். 15 ஆண்டு தாண்டிய தனியார் வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கொரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை ஓசூர் வழியாகக் கொண்டு வந்து இங்கேயே வைப்பதாக இருந்தால், அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி 12 மாதத்துக்குள் கர்நாடகத்தில் பதிய வேண்டும். கர்நாடக வரி எவ்வளவு வரும் என்று வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிடுங்கள்.

முதலில் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள், ஒரு வருடம் ஓட்டுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். வண்டியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அது சரியாக ஓடாத கடுப்பிலிருந்து பிறக்கிறது. சரியாக ஓடாதது அதன் வடிவமைப்பின் குறையா, முப்பது வருடம் யாரும் ஒழுங்காகப் பார்க்காததன் குறையா என்பது பழுது நீக்கி ஓட்டினால்தான் தெரியும்.

"இழுக்கவே இல்லை சார்" என்பது முதல் புகார். ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய 35 குதிரைத்திறன்தான். ஆனால் அதற்கே உரிய இழுப்பு அதற்கு இருந்தது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரியாக வைத்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். மிக்ஸ்சரைச் சரி செய்து, பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் சி.பி. பாயின்ட்டின் இடைவெளி வைத்து, டைமிங் பார்த்து, வால்வு கிளியரன்ஸ் வைத்தால், பாதிப் புகார் அன்றே போய்விடும். என் வண்டியில் ஒரு மெக்கானிக் "எஞ்சின் போச்சு, மாத்திடலாம்" என்றார். கம்ப்ரெஷன் பார்த்தபோது நான்கு சிலிண்டரும் நன்றாகவே இருந்தன. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையைத்தான் யாரோ பின்னாளில் பெரிதாக்கியிருந்தார்கள்.

"டிராஃபிக்கில் சூடாகுது." சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்றால் எந்த வண்டியும் சூடாகும், உண்மை. ஆனால் எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கும் முன் ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு எடுங்கள், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் பிளாக்கின் நீர்வழியில் சேர்ந்த சேற்றைக் கழுவுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் அந்தச் சேறு கைப்பிடிக் கணக்கில் வரும்.

"பிரேக் பிடிக்கல." டிரம் பிரேக் சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருந்தால், அந்தக் காலத்து வேகத்துக்குப் போதுமான பிடிப்பு இருக்கும். டிரம்மின் உட்பக்கம் வட்டம் கெட்டிருக்கிறதா, ஷூவில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்க்காமல் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள்.

இவற்றைச் செய்துவிட்டு, வெயில், மழை, குளிர் எல்லாம் பார்க்கும்படி ஒரு வருடம் ஓட்டுங்கள். ஞாயிறு காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி, பிறகு பழைய மதராஸ் சாலை, அப்புறம் ஒருநாள் நந்தி மலை. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, கிலோமீட்டர், எங்கே பயந்தேன், எங்கே சிரமப்பட்டேன், எங்கே சந்தோஷமாக இருந்தது. வருடம் முடிந்து அந்த நோட்டைப் படித்தபோது, வாங்கிய வாரத்தில் நான் போட்ட மாற்றப் பட்டியலில் பதினைந்தில் நான்குதான் நின்றது. ஏ.சி. அந்த நான்கில் இல்லை.

எதைத் திருப்பிக் கழற்ற முடியும்?

மிஞ்சிய பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி எழுதுங்கள்: இன்னொருவர் இதை ஒரு நாளில் கழற்றிப் பழையதை மாட்ட முடியுமா?

முடியும் என்றால் பெரும்பாலும் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன், அசல் ரிம்மிலேயே பொருந்தும் ரேடியல் டயர், ஹெட்லைட்டுக்கு ரிலே, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் எல்லாம் இதில் சேரும். ஆல்டர்னேட்டர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதைப் பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே போய்விடும்.

நடுவில் ஒரு வகை உண்டு. ஹெரால்டுக்கு முன் டிஸ்க் பிரேக் போடலாம். இங்கிலாந்தில் அதே சேஸிஸ் வழியில் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் பாகங்கள் போல்ட்டிலேயே பொருந்தும், அங்கே இன்றும் விற்கிறார்கள். ட்ரையம்ஃபே அறுபதுகளில் ஹெரால்டுக்கு டிஸ்க் கொடுத்தது. கம்பெனியே தன் காலத்தில் செய்த மாற்றத்தை நானும் செய்வதில் எனக்கு உறுத்தல் இல்லை. கெசலில் ஸ்டாண்டர்டே, பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஹெரால்டின் ஸ்விங் ஆக்சிலை விட்டு, இரண்டையும் இணைக்கும் சாதாரண ஆக்சிலுக்குப் போனது. பத்மினியில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பியைத் தரைக்குக் கொண்டு வருபவர்களும் இதையே சொல்வார்கள், கடைசிக் கால பத்மினிகள் தரைக் கியரோடு வந்தனதான். ஆனால் தரையில் ஓட்டை போட வேண்டியிருக்கிறது. 1960-களின் ஃபியட்டில் அதை நான் செய்ய மாட்டேன்.

சில விஷயங்களில் இந்த விதியை நானே மீறியிருக்கிறேன். சீட் பெல்ட் அதில் ஒன்று. என் வண்டி பெல்ட் இல்லாமல் பிறந்தது. மாட்ட வேண்டுமென்றால் தகட்டில் துளை போட்டு, உள்ளே பட்டையான இரும்பு வைத்து, சுமை பரவும்படி முறுக்க வேண்டும். துளை துளைதான். என் பெண் பக்கத்தில் உட்காருகிறாள், போட்டேன். இன்னொன்று வால்வு சீட். இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய சிலிண்டர் ஹெட்டின் மென்மையான சீட்டுகளை அந்த ஈயம்தான் காத்தது. ஹெட்டைத் திறக்க வேண்டி வந்தபோது கடினமான சீட் ரிங் செருகிவிட்டேன். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, ஆனால் எஞ்சின் பிழைக்கும்.

திரும்பவே முடியாதவை: சேஸிஸை வெட்டுவது, கூரையை அறுப்பது, வேறு எஞ்சினுக்காக மவுன்ட்டிங்கையும் கியர்பாக்ஸ் இருக்கும் மேட்டையும் வெட்டுவது, பெரிய ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டை அறுப்பது, அகல டயருக்காக மட்கார்டை வளைப்பது. அசல் பெயின்டை முழுவதும் உரிப்பதும் இதில்தான் சேரும். பழுப்பேறிய பெயின்டை மெல்ல பாலிஷ் செய்து, துருப்பிடித்த இடத்தில் மட்டும் துரு மேலும் பரவாமல் நிறுத்தினாலே போதும். விரிசல் விட்ட குஷனை அப்படியே விட்டு மேலே ஒரு உறை போடலாம்.

மாற்றினால்தான் சரி என்ற வண்டிகளும் உண்டு

எல்லா வண்டியையும் காப்பாற்ற முடியாது. எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, பாடியில் பாதி பட்டி, காகிதம் மட்டும் சரியாக இருக்கிற எண்பதுகளின் அம்பாசடரை ஒருவர் அனுமதியோடு தன் விருப்பப்படி கட்டினால் நான் மகிழ்வேன். இல்லாவிட்டால் அது சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புக் கடையில், கிலோ கணக்கில் போயிருக்கும். பழைய காண்டெசா காரை ஆசையாகக் கட்டும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பதெல்லாம், கட்டத் தொடங்கும் வண்டி நல்ல அசல் வண்டியாக இருக்கக் கூடாது என்பதுதான். கெட்டுப்போன ஒன்றைத் தேடி எடுங்கள். நல்லது கையில் இருந்தால், அதை வேண்டுகிறவருக்கு விற்றுவிட்டுக் கெட்டதை வாங்குங்கள். கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுப் புதுப்பிப்புக்கு ஆகும் செலவு, வண்டியின் விலையைத் தாண்டுவது சகஜம். மாற்றத்துக்கு ஆகும் செலவு விற்கும்போது திரும்பி வருவது அபூர்வம். காப்பதற்கு ஆகும் செலவுதான் மூன்றிலும் குறைவு, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது

சின்னச் சாமான்களுக்கு ஜே.சி. ரோடு, கழற்றிய பழைய பாகங்களுக்கு சிவாஜிநகர், அங்கும் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. பாகம் தேடிப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் சொன்னால் புரியாதது, கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் புரியும்.

மெக்கானிக்கைப் பொறுத்தவரை, கார்புரேட்டரைத் திறந்து ஜெட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பவரைத் தேடுங்கள். என் வண்டியைப் பார்ப்பவர் சிவாஜிநகரில் நாற்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். முதல் நாள் நான், "பாய், பவர் பத்தல, வேற எஞ்சின் போட்டா என்ன?" என்று கேட்டேன். அவர் பானட்டை முன்பக்கமாகத் தூக்கினார். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்த்து முழு மூக்கும் மேலே எழும், எஞ்சின் இரண்டு பக்கமும் வெட்டவெளியாகத் தெரியும். பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இப்படி உக்காந்து வேலை செய்ய எந்த வண்டி விடும் தம்பி? இதுக்கு என்ன குறைச்சல்? ரெண்டு நாள் குடு" என்றார். மூன்றாவது நாள் நந்தி மலையில் இரண்டாவது கியரில் நிற்காமல் ஏறியது.

யாரிடம் விட்டாலும் வேலைச் சீட்டில் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்: என்ன வேலை, எந்த இடத்தைத் தொடக் கூடாது, கழற்றிய எதையும் வீச வேண்டாம். சாவியைக் கொடுக்கும்போது ஒரு காலி அட்டைப்பெட்டியையும் கொடுங்கள். பெட்டி கண்ணெதிரில் இருந்தால் பையன்கள் பழைய சாமானை அதில் போடுவார்கள். வண்டியை எடுக்கும்போது பெட்டியையும் எண்ணி எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டுக் கட்டுங்கள். எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டரில், ஏன் கழற்றியது, என்ன போல்ட். இரும்புக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றுங்கள், ரப்பரை வெளிச்சம் படாமல் வையுங்கள். என் படுக்கைக்கு அடியில் ஹெரால்டின் டைனமோ, சி.பி. பாயின்ட் செட், முன் டிரம் இரண்டு, கிராஸ்பிளை டயர் ஒன்று இருக்கின்றன. கட்டியிருக்கும் சீட்டுகளில் என் கையெழுத்து இருக்கிறது. அடுத்து இந்த வண்டி யாருக்குப் போனாலும், அந்தப் பெட்டியும் கூடவே போக வேண்டும் என்று ஆர்.சி. உறைக்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.